ஆண் பப்பாளி

ஆண் பப்பாளிப் பூவின் மணம் தெரியுமா உங்களுக்கு? மல்லிகை அளவுக்குப் பேர் வாங்காத மணம். எனக்கு அது அம்மாவின் தலைத்துணி மணம். ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும் அம்மா தலைத்துணியை அவிழ்த்து உதறினால், ரப்பர்ப்பால் வாடையோடு அந்த வெள்ளைப் பூங்கொத்தும் விழும். அவள் அதைக் கொண்டுவந்தது சாமிக்கும் அல்ல, தன் கொண்டைக்கும் அல்ல. அப்பாவுக்கு.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட மலாய் நாட்டின் அவசரகாலம் அது. காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று தொழிலாளர் லயத்து வீடுகளை நெருக்கி வைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போக முடியாது. அரிசியும் அளவுதான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவு மண் இருந்தது. அதில் ஆளாளுக்கு வாழை, மரவள்ளி, பப்பாளி. அப்பாவுக்கு அதற்கு முந்தைய மழைக்காலத்தில் லாரி கவிழ்ந்து ஒரு கால் போயிருந்தது. பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறோமே என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறித் தன் அண்ணன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தார். "நான் போயிட்டா இங்க ஒரு வாய் குறையும் புள்ள" என்பார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பாள். நான் பள்ளிவிட்டு வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் அவருடைய தகரப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால்தான் பசிக்கும்.

எங்கள் மண்ணில் மூன்று பப்பாளி. இரண்டு பெண், ஒன்று ஆண். அந்த ஆண் மரம் கொத்துக்கொத்தாகப் பூவைத் தொங்கவிடும், காய் மட்டும் கிடையாது. ஆணி அடித்தால் காய்க்கும் என்றார்கள், அப்பா அடித்தார். சேலை கட்டிவிட்டால் வெட்கப்பட்டுக் காய்க்கும் என்றார்கள். அம்மாவின் கிழிசல் சேலையைக் கட்டினார். சேலை கட்டிக்கொண்டு சும்மா நின்றதே தவிர அது எதற்கும் மசியவில்லை. அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற மரம் எதற்கு என்று அப்பா அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, அங்கே மரவள்ளிக் குச்சியை ஊன்றினார். அவர் மரத்தின் மேல் மட்டும் கோபப்படவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

மற்ற வீட்டார் தங்கள் ஆண் மரங்களை முன்பே வெட்டியிருந்தார்கள். வேலிக்குள் மிஞ்சியிருந்த கடைசி ஆண் மரம் எங்களுடையதுதான். பிறகு லயம் முழுக்கப் பப்பாளி பூத்தது, மஞ்சளித்தது, உதிர்ந்தது. அரிசிக் குறையை மூடிக்கொண்டிருந்ததே பப்பாளிக்காய்க் கறிதான். ஆளாளுக்கு வெட்டிவிட்டு, ஏச்சு மட்டும் அப்பாவுக்கு!

பின்னாளில் நான் ஆசிரியையாகி, பாலினப் பெருக்கம், பாலிலா இனப்பெருக்கம் என்று கரும்பலகையில் கோடு கிழித்து எழுதியபோதெல்லாம் அந்த இரண்டு பாய் மண்தான் கண்ணில் நிற்கும். வாழைக்குத் துணை வேண்டாம். தாயின் அடியிலேயே கன்று கிளம்பும், தாயை உரித்து வைத்தமாதிரி. மரவள்ளிக்கு ஒடித்த குச்சி போதும். ஆனால் ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். எங்கள் பப்பாளிக்கோ இரண்டு மரம் வேண்டும். பிறக்கிற கன்று ஆணா பெண்ணா, பழம் தேனா சப்பையா, வளர்ந்த பிறகுதான் தெரியும். கல்யாண வீட்டில் வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோம். பெற்ற பிள்ளைகளைப் பார்த்தால், பப்பாளி என்று வாழ்த்துவதே நியாயமாகப் படுகிறது.

ஏச்சுத் தாங்காமல் அப்பா ஒருநாள் பெட்டியை வெளியே இழுத்துவிட்டார். நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதேன். அம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த மரம் ஒண்ணும் காய்க்கலதான். அது போனப்புறம் எது காய்க்குது, சொல்லுங்க."

மறுநாள் அம்மா, ரப்பர் வெட்டுக்காட்டை ஒட்டிய கம்பத்துக் கிராமத்தில் ஒரு மலாய்க்கார அம்மாளிடம் கேட்டு, ஆண் பூக்களைத் தலைத்துணியில் முடிந்து வந்தாள். வாசல் காவலர் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, யாருக்குப் பூ என்று கேட்டாராம். புருஷனுக்கு என்றாளாம். அவர் சிரித்த சிரிப்பு லயத்துக்கும் பரவியது. "பொண்டாட்டி புருசனுக்குப் பூ வாங்கியாறா, பாருங்க லா" என்று மாதக்கணக்கில் கேலி. அப்பா கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஆண் பூவைப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு வைத்தார். எட்டாத மரத்துக்கு மூங்கில் நுனியில் கட்டி நீட்டினார். பிஞ்சு நின்றது. ஏசியவர்களே, "அண்ணே, எங்க மரத்துக்கு எப்ப வர்றீங்க?" என்று வந்து கேட்டார்கள். தகரப்பெட்டி வீட்டுக்குப் பின்னால் போய், அவர் உட்காரும் இருக்கையாயிற்று.

இப்போது செனாவாங்கில் இருக்கிறேன். கடையில் வாங்கும் விதைகளில் வரும் மரங்கள் பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டையும் வைத்துக்கொண்டு தனியாகவே காய்த்துவிடுகின்றன. எங்கிருந்தோ விழுந்து முளைத்த ஒன்று மட்டும் ஆணாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன், "காய்க்காது ஆண்ட்டி, வெட்டிரவா?" என்று கேட்டான். நிற்கட்டும் என்றேன். காலையில் வாசல் பெருக்கும்போது உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பேன்.

அப்பா கடைசிவரை கப்பலேறவில்லை.