மகளின் மௌனத்தை அம்மன் எனக்குக் காட்டினாள்

என் மகள் சரசுவை இரண்டாம் முறையும் இழக்க இருந்தேன்.

முதல் முறை 1961இல். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. "உசுரோட இருக்கவே பிடிக்கலம்மா" என்றாள். பல மாத வைத்தியத்துக்குப் பிறகே எழுந்தாள். மறுபடியும் வரலாம் என்று டாக்டர் ஐயா சொல்லியிருந்தார். அவள் சற்று அதிகம் தூங்கினாலும் எனக்குப் பதறும். தினமும் மாரியம்மனுக்கு விளக்கேற்றி ஒரே வேண்டுதல்: "தாயே, அது திரும்பி வந்தா எனக்குக் காட்டிக் குடுத்துரு."

மறு வருஷம் மாசி. எங்கள் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் பனி அடித்துக் கொழுந்து கருகிய காலம். எல்லோர் கூடையும் குறைந்திருக்க, சரசு மட்டும் நிறைய எடுத்தாள். கங்காணி ஐயா மெச்சினார். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தேயிலை மலையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேச்சுக் குறைந்ததை வேலைக் களைப்பு என்றே எண்ணினேன். படுக்காமல் உழைக்கிறாளே, நோய் விட்டது என்று நினைத்து, அம்மனுக்குப் பொங்கல் வைக்க நாள் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சரசுவோடு கொழுந்து எடுக்கும் மாரியாயி தன் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தாள். வாசலிலேயே பொரிந்து தள்ளினாள்.

"என்னக்கா, ஒங்க மக தொரசாணி ஆயிட்டாளா? எங்ககிட்ட ஒரு வார்த்த பேசுறதில்ல. தேத்தண்ணிக்குக் கூப்புட்டாலும் நிமிந்து பாக்க மாட்டேங்குறா."

"எத்தன நாளாடி?"

"தைப்பொங்கலுக்குப் பொறவே இப்படித்தான். கேலி பண்ணுனா திருப்பித் திட்டக்கூட மாட்டேங்குறா. எனக்குச் சப்புனு இருக்குக்கா!"

போன முறையும் முதலில் பேச்சுத்தான் நின்றது. படுக்கை அதற்குப் பிறகு வந்தது. நான் படுக்கையை மட்டுமே காவல் காத்திருந்தேன். கேட்ட அடையாளத்தை அம்மன் மாரியாயியின் வாயில் அனுப்பிவிட்டாள்.

அன்று மாலை சரசுவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று கேட்டேன்.

"கைய நிறுத்துனா பயமா இருக்கும்மா. அதான் எடுத்துக்கிட்டே இருக்கேன்" என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். "நல்ல வேளை, விழுறதுக்கு முந்தியே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார் டாக்டர் ஐயா. மருந்து தொடங்கியது. இந்த முறை அவள் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

என் பயம் முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் இப்போது கண் மூடித் தூங்குகிறேன். பக்தர்களே, பிள்ளைகளுக்காக அம்மனிடம் கேளுங்கள். அவள் யார் வாயால் பதில் சொன்னாலும் காது கொடுங்கள். வைத்தியரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

இன்று காலை சரசுவும் மாரியாயியும் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று ஏதோ கேலி பேசினார்கள். சரசு சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. தாயே, உனக்குக் கோடி நன்றி என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கினேன்.