கீழ் லயத்தின் கடைசி ஆள்

இந்திராணி அக்கா இறந்த அன்று, அவருடைய அண்ணன் சந்திரனிடம் ஒன்றை நான் சொல்லவில்லை.

காலையில் அம்மா அழைத்தார். வேலைக்குக் கிளம்பிக் காலணி மாட்டும்போதே அக்காவுக்கு மாரடைப்பு. "நீ தெமியாங்லதானே இருக்கே, சந்திரன்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிரு. போன்ல சொல்ற விஷயமில்ல" என்றார். சந்திரன் அண்ணனின் மோட்டார் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "என்னைப் பத்தி எதாச்சும் சொல்லியிருக்கா?" என்று கேட்டார். சொல்லியிருந்தார். ஆனால் நான் காரைக் காட்டி, "வாங்கண்ணே, என் காடியிலயே போயிரலாம்" என்று மட்டும் சொன்னேன்.

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதில் பாதி தெரியும், மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். நாங்கள் லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்து வெகுகாலம் ஆகிறது. அங்கே இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. திடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் சிரம்பானிலிருந்தும் மந்தினிலிருந்தும் எல்லாரும் அங்கே கூடுவோம். சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி, கடைசியில் கயிறு இழுப்பு. இல்லாத வீடுகளின் பேரில்தான் அணி பிரிப்போம்: மேல் லயம், கீழ் லயம். தோற்ற லயம் பிரியாணிச் சட்டி கழுவ வேண்டும். கல்யாணமான பெண் கணவரின் லயத்துக்குத்தான் இழுக்க வேண்டும். லயத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் இதற்காகச் சண்டை போடுவார்கள்.

இந்திராணி அக்கா மேல் லயத்துப் பெண். எங்கள் கீழ் லயத்தில் தானே பார்த்துத் திருமணம் செய்துகொண்டார். சந்திரன் அண்ணன் திருமணத்துக்கு வரவில்லை. அதன்பின் தங்கையோடு பேசவும் இல்லை. அடுத்த விடுமுறையில் அக்கா எங்கள் பக்கம் வந்து நின்றபோது எதிரணியிலிருந்து ஒரு சித்தி கத்தினார்: "ஏய், பொறந்த எடம் இங்க இருக்குடி!"

அக்கா திரும்பாமலே சொன்னார்: "சோறு இங்கதான் சித்தி போடுறாங்க. தின்ன எடத்துலதான் இழுக்க முடியும்."

அன்றிலிருந்து கயிற்றின் ஒரு கோடியில் அண்ணன், மறுகோடியில் தங்கை. இருவருமே தத்தம் அணியின் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்பவர்கள். அக்காவுக்கு முன்னால் நான் நிற்பேன். "புஸ்தகம் புடிக்கிற கை, கயிறு புடிக்கச் சொன்னா பூத்தொடுக்குது பாரு" என்று என் பின்னாலிருந்து திட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும், பிடியும் இறுகும். பெரும்பாலும் நாங்கள்தான் வெல்வோம்.

அவருடைய கடைசிப் போட்டியில் தோற்றோம். மழை பெய்து திடல் சேறாகியிருந்தது. எதிரணி எங்கள் பக்கம் வழுக்கி வந்துகொண்டிருந்தபோது என் கைக்குள் கயிறு சட்டென்று தொய்ந்தது. அவர்கள் காலூன்றிக்கொண்டார்கள். அடுத்த இழுப்பில் நாங்கள் முழங்காலில் விழுந்தோம். சட்டி கழுவும்போது, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அண்ணன் கால் வழுக்கிருச்சு. முதுகுல ஆப்ரேஷன் பண்ண ஆளு. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா படுக்கைதான்." சட்டியின் அடியைச் சுரண்டியபடி சிரித்தார். "சொல்லிறாத. ஜெயிச்சோம்னு கொஞ்ச நாளைக்குப் பீத்திக்கட்டும்."

பீற்றிக்கொண்டார். எங்கள் கைப்பேசிக் குழுவில் வாரம் தவறாமல் சந்திரன் அண்ணனின் குரல் பதிவு வரும்: "கீழ் லயத்துக்காரங்களே, சட்டி கழுவுன கை காஞ்சிருச்சா லா?" அக்கா பெயர் சொல்லாமல் பதில் போடுவார்: "சில பேருக்கு ஒரு தடவை ஜெயிச்சதுக்கே தலைகால் புரியல. அடுத்த வருஷம் சேத்துலயே நட்டு வைக்கிறோம்."

அக்கா போன பிறகு சந்திரன் அண்ணனிடம் எதைச் சொல்வது? சொன்னால் தங்கை கிடைப்பார், வெற்றி போய்விடும். சொல்லாவிட்டால், தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் விட்டுவைக்காமல் போன தங்கையோடு அவர் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். "சொல்லிறாத" என்றது உயிரோடு இருந்த அக்கா. அது இன்னும் செல்லுமா? துக்க வீட்டிலும் கருமாதியிலும் அவர் அருகே போய்ப் போய்த் திரும்பினேன். வேலையில் மனம் ஒட்டவில்லை. படிக்க எடுத்த புத்தகத்தில் பக்கம் நகரவில்லை. தம்பியின் மோட்டார் சைக்கிளைத் தேவையே இல்லாமல் எண்ணெய் மாற்ற அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுபடியும் கொண்டுபோனபோது, "இப்பத்தானேம்மா மாத்துனோம்?" என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும் லா. அந்தக் கோடியில நான்தானே நின்னேன். அவ விட்டுக்குடுத்தா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்ணே அவ்வளவு பேசினீங்க?"

"நான் பேசுனாத்தானே அவ திட்டுவா."

அதற்குமேல் நான் நிற்கவில்லை.

இந்திராணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, கயிறு தொய்ந்த அந்த ஒரு நொடி. அப்போது அதற்காக எரிச்சல்பட்டேன். இப்போது உள்ளங்கை அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

விடுமுறையில் போட்டி நடந்தது. எங்கள் கடைசியில் அக்காவின் கணவர் நின்றார். சந்திரன் அண்ணன் வழக்கம்போல் மேல் லயத்தின் கடைசியில் நின்றார். மேல் லயம் வென்றது. குழுவில் குரல் பதிவு எதுவும் வரவில்லை.