எலி தின்னிக்குப் புரியும்படி ஒரு கையெழுத்து

என் தங்கை பூபே வென்றவை இவை: நாற்பத்தொரு ஆண்களோடு எழுதிய தொழில் தேர்வில் முதலிடம்; தன் காலுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி பூட்ஸ்; பெண்கள் கழிப்பறை, ஏழு மாதம் கழித்து அதற்கொரு தாழ்ப்பாள்; கடைசியாக, மேற்பார்வையாளர் ஜெரேயின் வாயை அரை நிமிடம் மூடவைத்தது. கடைசியானதைப் பலர் நம்புவதில்லை. நான் பார்த்தேன். ஜாம்பியாவின் கிட்வே நகரில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையின் சாமான் அறை என் பொறுப்பு.

சுரங்கத்தில் பாறை துளைக்கும் எஃகுத் தண்டின் நுனியில் கார்பைடு என்ற கடினப் பொருளாலான பல்லைப் பற்றவைப்பது பூபேயின் வேலை. நடுவே வெள்ளிக் கலவைத் தகடு வைத்துச் சூடாக்கினால், அது உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆறும்போது எஃகு நிறையச் சுருங்கும், கார்பைடு கொஞ்சம்தான். அந்த இழுபறியில் பல் விரிசல் விட்டுவிடும். அந்த ஆண்டு இரண்டு முறை சரக்கு திரும்பி வந்தது. மூன்றாவதும் வந்தால் பூபே பழையபடி எண்ணெய் கழுவும் தொட்டிக்குத்தான் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

அதற்காகவே புதுத் தகடு வந்தது: இரு புறமும் வெள்ளிக் கலவை, நடுவில் செம்பு. செம்பு உருகாது, மெத்தை மாதிரி இழுப்பை வாங்கிக்கொள்ளும். ஜெரே அதில் அறுபதை உருளையில் கொடுத்துப் பாதியாக மெலிய வைத்தார்.

பூபே ஓடினாள். "எலி தின்னி அண்ணே, மெத்தைய நசுக்கிட்டீங்களே! எல்லாப் பல்லும் விரியப் போகுது."

ஜெரே வயிறு குலுங்கச் சிரித்தார். "குரங்கு தின்னி பேசுது, கேட்டீங்களா! மெலிசா இருந்தாத்தான்மா பிடி கெட்டி."

ஜெரே ங்கோனி இனம், நாங்கள் பெம்பா; அவர்களை எலி தின்னி என்போம், எங்களைக் குரங்கு தின்னி என்பார்கள். முன்னோர் சண்டை போட்ட புண்ணியத்தில் ஒருவரையொருவர் கேலி செய்வது எங்கள் உரிமை. சாவு வீட்டில்கூடக் கோபிக்கக் கூடாது. எங்கள் அப்பாவின் சவப்பெட்டிமேல் உட்கார்ந்து, "எனக்குத் தரவேண்டிய குரங்கு எங்கடா?" என்று கேட்டவர் ஜெரே. பெம்பாக்காரி வாயைத் திறந்தாலே அவருக்கு அது நகைச்சுவை.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நடிப்புப் பிரமாதம்!"

நசுக்கிய தகடு வைத்து ஒரு பல்லை ஒட்டி ஆறவிட்டாள். டிக்கென்று விரிந்தது. "என்ன மந்திரம் வச்ச?" என்று ஜெரே இன்னும் சிரித்தார்.

பூபே நேராக என்னிடம் வந்தாள். பழுதான சரக்கை ஏற்க மறுத்து எழுதும் பதிவேடு என்னிடம்தான் இருக்கும். "அண்ணே, மறுப்புப் பதிவேட்டக் குடு. பேனாவும்."

"அதுல மேற்பார்வையாளர்தானே கையெழுத்துப் போடணும்?"

"கேலியெல்லாம் வாயோட சரி. காகிதத்துல ஏது?"

எழுதினாள். ஜெரே வந்து, சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. சுவர்க் கடிகாரத்தில் முப்பத்திரண்டு நொடி.

"நசுக்காத தகடு எத்தன இருக்கு?" என்றார் என்னிடம்.

"எண்பத்திரண்டு."

"அறுபது எடு. குரங்குங்களுக்கு எழுதத் தெரியும்னு யாருமே சொல்லலியே!"

அந்த அறுபது பல்லில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பதிவேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கும்; பேனாவைக் கட்டிய நூல் குட்டை.

"நசுக்கிய தகடு, அறுபது. இதை வைத்து ஒட்ட மாட்டேன். பூபே முசோண்டா. 14 ஆகஸ்ட் 2019."