அட்டை மட்டும் வந்த புத்தகம்

போன மாதம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நூல் வெளியீடு. மண்டபம் நிறைந்த கூட்டம். பொன்னாடை, வீடியோக்காரர், ரோல்ஸ், தேத்தண்ணி… எல்லாம் இருந்தன. புத்தகம் மட்டும் இல்லை!

கமலினியின் முதல் சிறுகதைத் தொகுப்பு அது. பிக்கரிங்கிலிருந்து வேலைக்குப் போய்வரும் ரயிலில் ஆறு வருடமாக எழுதிய கதைகள். அட்டை வரைந்தது அடியேன். வாசலில் கழற்றிவிட்ட ஒரு சோடி பனிச் சப்பாத்து — அவ்வளவுதான் படம்.

அச்சடித்தது சென்னையில். நிறம் சரியா என்று பார்ப்பதற்காகப் பத்து அட்டைகள் மட்டும் முன்கூட்டியே தபாலில் வந்திருந்தன. புத்தகப் பெட்டிகளோ வழியில் எங்கேயோ. ஊரையே அழைத்தாயிற்று, இனி என்ன செய்வது?

எழுதுவதற்கான பத்து வெற்றுக் கொப்பிகள் வாங்கினோம். பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல, அந்த அட்டைகளை அவற்றுக்கு உறையாகப் போட்டோம்.

“ஆராவது திறந்து பாத்தா என்ர மானம் போச்சு, அண்ணை,” என்றாள் கமலினி.

மேடையில் பத்துப் பிரமுகர்கள் சிறப்புப் பிரதி வாங்கினார்கள். கை புத்தகத்தில், முகம் கமராவில். நம் வெளியீடுகளில் புத்தகத்தை அங்கேயே திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு போலும்! அவர்களில் ஒருவரான, தலைமை தாங்கிய யூனியன்வில் டொக்டர் அட்டையைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்.

“உது வெறும் சப்பாத்தில்லை. அகதியின்ர தனிமை!”

உண்மையில் அது என் மனைவியின் சப்பாத்து. மற்றவர்களுக்கு நூல் தபாலில் வரும் என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டு கிழமை கழித்துப் பெட்டிகள் வந்தன. உண்மையைச் சொல்லிப் புத்தகத்தை மாற்றிக் கொடுப்பதற்காகக் கமலினி அந்தப் பத்துப் பேருக்கும் ரெலிபோன் எடுத்தாள். பிறகு எனக்கும் எடுத்தாள்.

“ஒம்பது பேர் இன்னும் திறக்கேல்லையாம், அண்ணை. டொக்டர் என்னைச் சொல்லவே விடேல்லை. ஒரே மூச்சில வாசிச்சு முடிச்சிட்டாராம்.”

“நல்லதுதானே, பிள்ளை? தப்பிச்சிட்டீர்!”

“ஆறு வருசம் எழுதினனான்… ஒருத்தராவது திறந்து பாத்திட்டு என்னை ஏசியிருக்கலாமே!”

அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

“அட்டையைப் பற்றி ஏதும் சொன்னவையோ?”

“ஓம், அண்ணை. பத்துப் பேரும் நல்லாயிருக்கு எண்டவை.”

அந்தப் பக்கம் அவள் அழுகிறாள்… இந்தப் பக்கம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!