அப்பாவோடு ஆட வேண்டிய பாட்டு

அண்ணன் மகள் இத்தாலிக்காரனைக் கட்டிக்கொண்டாள். பெசன்ட் நகரில் வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி மணப்பெண் முதலில் அப்பாவோடு ஆட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். அண்ணனோ இந்தக் கல்யாணமே பிடிக்காமல் நந்தனம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

அது தெரியாமல் மாப்பிள்ளையின் மாமா அக்கார்டியனில் அந்த ஆட்டத்துக்கான பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"அப்பா வரமாட்டாரு சித்தப்பா. நிறுத்தச் சொல்லு" என்றாள் மணப்பெண்.

போதும் என்று கையசைத்தேன். இன்னும் வாசிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் சிரித்தபடி முதலிலிருந்து வாசித்தார்.

அண்ணி எழுந்தாள். "இன்னாடி, எழவு வூடு மாதிரி குந்திகினு கீறே? வா!"

மகளின் இடுப்பைப் பிடித்துத் தாறுமாறாகச் சுற்றினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வாசல் பக்கம் முகம் திரும்பும்போது பெண்ணின் கால் நின்றது. அண்ணி விடாமல் இழுத்துக்கொண்டு சுற்றினாள்.