புஷ்பமலர் தூக்கிய கை

ஒஸ்லோ நகரின் ஒரு கோடியான ஹொல்ம்லியாவில் வீடு, மறுகோடியான ரொம்மனில் வேலை. ஒரு பாடசாலையைத் துப்புரவு செய்ய ரயிலும் ரி-பான் என்ற நகரச் சுரங்க ரயிலும் மாறிப் போய்வர புஷ்பமலருக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஆகும். அதுதான் அவருடைய வாசிப்பு நேரம். 2006 குளிர்காலம் முழுக்க, அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களைப் பற்றிய தடித்த நோர்வேஜிய நூல் ஒன்று மடியில் இருந்தது.

சொத்துள்ளவனே சுதந்திரன்; சொத்தில்லாதவன் பிறர் தயவில் உண்பவன், வாக்கைக் கொடுத்தால் எசமான் சொன்னபடி போடுவான். அந்தக் கனவான்களில் பலரின் கொள்கை இதுதான். மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனின் கைக்குச் சோறு போட்டவர்கள் நூற்றுக்கணக்கான அடிமைகள். அந்தப் பக்கத்தில் புஷ்பமலர் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டார். நூலகப் புத்தகத்தில் கோடு போட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறார்.

அடுத்த பங்குனியில், ஒஸ்லோவில் வாழும் ஊர்க்காரரின் சங்கப் பொதுக்கூட்டம். தலைவர் அருளானந்தன் புதிய யாப்பை, அதாவது சங்க விதிகளை, வாசித்தார். முதல் வரி: மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். நாலாம் விதி: குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் அளிப்பார்.

சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த புஷ்பமலர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார்.

"அண்ணை, முதல் வரி ஜெபர்சன்ரதோ?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "ஓம் பிள்ளை! ஆரும் கண்டுபிடிப்பினமோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நாலாம் விதியும் அந்தக் கனவான்களின்ர கொள்கைதான். அதையும் கண்டுபிடிச்சிட்டன். வயதுவந்த எல்லாருக்கும் ஒவ்வொரு வாக்கு எண்டு மாத்துங்கோ."

"மனிசி புருசன் தூக்கிற பக்கம்தானே கை தூக்குவா? பிறகு ஒரு வீட்டுக்கு ரெண்டு வாக்கெல்லோ ஆகும்!"

இருநூறு வருடப் பழைய அநியாயம், ஒரு நல்ல மனிதரின் வாயிலிருந்து வந்தது!

அதுவரை இருந்த வழக்கப்படி, வீட்டுக்கு ஒரு கையாகவே திருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்று முடிவுசெய்யப் பெண்களுக்கு வாக்கில்லை. புஷ்பமலர் வீட்டின் வாக்கு கணவர் குகநேசனிடம் இருந்தது. பஸ் ஓட்டுநரான அவர் தலைவரின் பள்ளித் தோழர். குகநேசன் தன் மனைவியைப் பார்த்தார், தோழரைப் பார்த்தார், திருத்தத்துக்கு எதிராகக் கையைத் தூக்கினார். திருத்தம் தோற்றது.

புஷ்பமலர் சிரித்தார்.

"பாத்தியளோ அண்ணை? எங்கட வீட்டில ரெண்டு மூளை இருக்கு. இவ்வளவு காலமும் நீங்கள் ஒண்டைத்தான் எண்ணினியள்."

சமையலறை வாசலில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அருளானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து நாலாம் விதியைத் தானே வெட்டினார்.

"நான் சொன்னது பிழை. வாக்கைத் திரும்ப எடுப்பம்."

இம்முறை திருத்தம் வென்றது. கடைசியாக உயர்ந்தது குகநேசனின் கை. "நான் வீட்டை போகவேணுமெல்லோ," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

மறுவருடம் தலைவர் தெரிவில் புஷ்பமலர் முதன்முறையாக இரகசிய வாக்குச்சீட்டில் வாக்களித்தார். வீடு திரும்பும் ரயிலில் குகநேசனுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவருக்கு ஆரைப் போட்டனீர்?"

"அருளானந்தண்ணையைத்தான். பிழையைச் சொன்னா வெட்டுற மனிசன். நீங்கள்?"

"அது ரகசியம்," என்றார் குகநேசன். "என்ர வாக்கெல்லோ!"