ஒத்த விசில்

எங்கள் வீட்டு நிலைக்கதவு ஆணியில் ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. கயிற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். அதைக் கழுத்தில் மாட்டும்போதெல்லாம் அண்ணியின் முகம் முன்னால் வந்து நிற்கும், கொஞ்சம் கோபத்தோடுதான்.

நாகலூரில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிலரை, விருந்தினரை மலைக்கு நடத்திச் செல்லும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்காட்டு ஹோட்டல் ஒன்று சொன்னது. எங்களைப் பழக்கும் பொறுப்பு அண்ணிக்கு. என் அண்ணன் மனைவி. என்னைவிட இளையவர், வாய் மட்டும் மூத்தது. வெயில் நாளில் நடக்க எதற்குப் பயிற்சி என்று கேட்டு, கார்த்திகை மார்கழியில்தான் கூட்டிப் போவார். மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவளின் முதுகே தெரியாது, பாறையில் பாசி வழுக்கும், விரல்கள் விறைத்துப்போகும். மூன்று முறை ஊதினால் நிற்க வேண்டும், ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று ஹோட்டலில் சொல்லித் தந்திருந்தார்கள். ஊதியதில் பாதியைக் காற்று தின்றுவிட, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அண்ணி அந்தக் கணக்கையே தூக்கி எறிந்தார். "எல்லாரும் பஸ்ஸுல போனவங்கதானே? ஒத்த விசிலுக்கு நில்லு, ரெட்ட விசிலுக்குப் போ." அதற்குப் பிறகு ஒருத்தியும் தவறவில்லை.

வேலை உறுதியாக வேண்டிய நாளன்று மேனேஜரே விருந்தினரோடு வந்தார். உச்சிப் பாறைக்குப் போகும் வழியில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. பாறை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அண்ணி ஒரு முறை ஊதினார். நாங்கள் நட்ட கல்லாக நின்றோம். "இன்னும் கொஞ்ச தூரந்தானே? திரும்பினா உங்க யாருக்கும் வேலை கிடையாது" என்றார் மேனேஜர். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளைச் சேலத்தில் காலேஜில் சேர்ப்பதாக இருந்தேன். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, பஸ்ஸு யாருதா இருந்தாலும் விசிலு கண்டக்டரு கையிலதானுங்க. ரெட்ட விசிலு நான் ஊதமாட்டனுங்க."

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். வேலை போயிற்று. மகள் ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். பயந்தாங்கொள்ளிகள் என்று பெயரும் வைத்தார்கள். வைக்கட்டும். அன்று மேலே போன அத்தனை பேரும் முழுசாகக் கீழே வந்தோம், அந்த மேனேஜரும் சேர்த்துத்தான். அவர் காலில் போய் விழு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அண்ணி சிரித்தார். விசிலை என்னிடம் கொடுத்துவிட்டு, இப்போது குப்பனூரில் டீக்கடை வைத்திருக்கிறார். மலையேறப் போகிறவர்களுக்கு டீயோடு திட்டும் கிடைக்கும்.

நாங்கள் சொந்தமாகவே ஆட்களைக் கூட்டிப் போகிறோம். இன்று காலை அதே பாறைக்குக் கீழே பனி மூடிக்கொண்டது. "அக்கா, மேல போய் ஒரே ஒரு போட்டோ. காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்று ஒருவர் குரலை உயர்த்தினார். விசிலை எடுத்து ஒரு முறை ஊதினேன். அவர் கத்தி முடிக்கும்வரை, இன்னொரு முறை ஊதாமல், அங்கேயே நின்றேன்.